சொந்தக்காரர் விட்டுட்டுப் போன காயின் கலெக்ஷனை ஏமாறாம விக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க பெரியப்பா போனதுக்கப்புறம் அவர் அலமாரிய தொறந்தா ஏழு ஆல்பம், ரெண்டு தகர டப்பா நிறைய காசு, அவர் எழுதி வெச்ச ஒரு கிழிஞ்ச நோட்டுப் புத்தகம். பெரியம்மா எல்லாத்தையும் என் பக்கம் தள்ளி "நீதான் நெட்ல எல்லாம் பாக்கறவன், இதுக்கு என்ன வரும்னு பாருடா"ன்னுட்டாங்க. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது, நேரா ஒரு டீலர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். அவர் பத்து நிமிஷத்துல ஏழு ஆல்பத்தையும் புரட்டிட்டு எல்லாத்துக்கும் சேத்து ஒரு தொகை சொன்னாரு. நல்ல தொகைதான், குடுத்துடலாம்னுகூட தோணுச்சு. ஆனா மூணாவது ஆல்பத்துல ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் அவர் ரெண்டு தடவ திரும்பி வந்தத கவனிச்சேன். வீட்ல கேட்டுட்டு வரேன்னு எடுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பக்கத்துல இருந்த ஒரு செம்புக் காசு மட்டும் பின்னாடி ஏலத்துல அவர் மொத்தத்துக்கும் சொன்னதுல பாதிக்கு மேல போச்சு.

அவர் ஏமாத்தினாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்கு தெரிஞ்சது எனக்கு தெரியல, அவ்ளோதான். இந்த விஷயத்துல காசு போறதே அந்த இடைவெளிலதான், அத எப்படி குறைக்கறதுன்னு நான் பட்டு கத்துக்கிட்டத வரிசையா எழுதறேன்.

மொதல்ல: கைய கட்டிக்கிட்டு இருங்க

காச கழுவாதீங்க. இத பத்து தடவ சொன்னாலும் போதாது. கருத்துப் போன வெள்ளிக் காச பாத்தா பளபளன்னு ஆக்கணும்னு கை பரபரங்கும், நானும் பல் விளக்கற பேஸ்ட் போட்டு மூணு காச தேச்சேன், நல்லா மின்னுச்சு, மதிப்பு அங்கயே செத்துப் போச்சு. வெள்ளி கருக்கறது காத்துல இருக்கற கந்தகத்தால, அது வருஷக்கணக்கா மெதுவா படியற படலம், சில சமயம் நீலம், ஊதா, பொன் கலர்னு அழகாவும் இருக்கும், அதுக்குன்னே கூட காசு குடுத்து வாங்கறவங்க இருக்காங்க. தேச்சா அந்தப் படலமும் போகும், மேல முடி மாதிரி நுண்ணிய கீறலும் விழும். லைட்டுக்கு கீழ சாய்ச்சுப் பாத்தா அனுபவசாலிக்கு ஒரு செகண்ட்ல தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் அந்தக் காசு "கழுவினது"ன்னு ஆயுசுக்கும் முத்திர குத்தின மாதிரிதான்.

தொடும்போது விளிம்ப மட்டும் பிடிங்க, முகத்துல விரல் படக்கூடாது. கீழ ஒரு மெத்துன்னு துணி விரிச்சு வெச்சுக்கங்க, கை தவறினா தரைல விழாது. ஆல்பம் பக்கங்கள் பிசுபிசுன்னு பச்சையா கசியுதா பாருங்க, அது பழைய பிவிசி பிளாஸ்டிக், அதுலேர்ந்து வர்ற அமிலம் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். அப்படி இருக்கற காச மட்டும் மெதுவா எடுத்து பிவிசி இல்லாத கவர்ல போடுங்க. அந்தப் பச்சைய நீங்களே சுரண்டாதீங்க, அனுபவம் உள்ளவங்ககிட்ட விட்டுடுங்க. மத்ததெல்லாம் அவர் வெச்ச மாதிரியே இருக்கட்டும்.

ஆங், சின்ன சின்ன காகித உறை, சீட்டு, பழைய பில், அவர் கையெழுத்துல "இன்னாரிடம் வாங்கியது" அப்படின்னு எழுதின துண்டு, இதெல்லாம் குப்பைன்னு நினைச்சு தூக்கிப் போட்டுடாதீங்க. எந்தக் காசு எங்கேர்ந்து, எப்போ வந்ததுன்ற சரித்திரம் இருந்தா வாங்கறவனுக்கு நம்பிக்கை, விலையும் ஏறும். சில நேரம் அந்தத் துண்டு சீட்டுதான் நீங்க ரெண்டு நாள் தேடற வேலைய ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் குடுக்கும். ஒவ்வொரு சீட்டும் எந்தக் காசோட இருந்துச்சோ அதோடயே இருக்கணும், கலந்துட்டா போச்சு.

இது யாருடையது?

போரடிக்கற விஷயம், ஆனா இத விட்டா மத்த எல்லாம் வீண். உயில் இருக்கா, வாரிசு எத்தன பேரு, விக்கறதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா, இத எழுத்துல வாங்கிடுங்க, வாட்ஸப் மெசேஜா இருந்தாக்கூட ஒண்ணுமில்லாததுக்கு மேல. ஏலக் கம்பெனிங்க உரிமை பத்தி கேப்பாங்க. யாராவது ஒருத்தர் "எனக்கு அந்த வெள்ளிக் காசு ஞாபகார்த்தமா வேணும்"னு சொன்னா லிஸ்ட் போட்டதுக்கு அப்புறம் குடுங்க, முன்னாடி குடுக்காதீங்க, ஏன்னா அந்த ஞாபகார்த்தம்தான் மொத்த கலெக்ஷன்லயே விலை ஒசந்ததா இருக்கும், அப்புறம் பங்காளி சண்டை.

அந்தந்த நாட்டு சட்டத்தையும் ஒரு தடவ பாத்துக்கங்க. ரொம்பப் பழைய காச தொல்பொருளா கணக்குல எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்ப தடையோ அனுமதியோ வெச்சிருக்கற நாடுகள் நிறைய இருக்கு. வாரிசா வந்த பொருள வித்தா வரி எப்படின்றது நாட்டுக்கு நாடு வேற, அதனால அவர் இறந்த தேதில கலெக்ஷனோட மதிப்பு என்னன்னு ஒரு எழுத்து மதிப்பீடு வாங்கி வெச்சுட்டா பின்னாடி வரிக் கணக்குக்கும் உதவும், பங்கு பிரிக்கவும் உதவும்.

லிஸ்ட் போடுங்க, சோம்பேறித்தனம் வேணாம்

ரெண்டு மூணு வாரம் ஆகும், ஆகட்டும். ஒரு எக்செல் ஷீட், ஒரு சின்ன டிஜிட்டல் தராசு (0.01 கிராம் வரைக்கும் காட்டணும்), விட்டத்த அளக்க ஒரு காலிப்பர், பத்து மடங்கு பெருசா காட்டற ஒரு லென்ஸ், இவ்ளோதான் சாமான். ஒவ்வொரு காசுக்கும் நாடு, வருஷம், என்ன காசு, எடை, விட்டம், உலோகம், அப்புறம் அக்கசாலை (காசு அடிக்கற இடம்) குறி. இந்த அக்கசாலை குறி, அதான் மிண்ட் மார்க், ஒரு புள்ளியோ ஒரு சின்ன எழுத்தோ இருக்கும், கண்ணுக்கே தெரியாது, ஆனா அதுலதான் விஷயமே இருக்கு. அமெரிக்காவோட 1893 மார்கன் வெள்ளி டாலர எடுத்துக்கங்க, பின்பக்கம் 'எஸ்' குறி இருந்தா அது சான் பிரான்சிஸ்கோல அடிச்சது, வெறும் 1 லட்சம் காசுதான் அடிச்சாங்க, மார்கன் வரிசையிலயே புழக்கத்துக்கு அடிச்சதுல கம்மியான எண்ணிக்கை அதுதான். வேற வருஷத்து மார்கன் நிறைய வெறும் வெள்ளி விலைய ஒட்டியே போகும். ஒரே முகம், ஒரே எடை, ஒரு எழுத்து வித்தியாசம். அந்த எழுத்த தனியா ஒட்டி ஏமாத்தறவங்களும் இருக்காங்கன்றதையும் சேத்து ஞாபகம் வெச்சுக்கங்க.

ஒவ்வொரு காசுக்கும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. ஃபிளாஷ் போடாதீங்க, பக்கவாட்டுல லைட் விழற மாதிரி வெச்சு எடுத்தா தேய்மானமும் கீறலும் சரியா தெரியும். இந்த போட்டோதான் பின்னாடி டீலர், ஏலக்காரர், இன்சூரன்ஸ் எல்லாருக்கும் ஒங்க ஆதாரம். திருட்டுப் போனாலும் போலீஸ்ல காட்ட வேற என்ன இருக்கு ஒங்ககிட்ட?

காச அடையாளம் கண்டுபிடிக்க நுமிஸ்டான்னு ஒரு சைட் இருக்கு, சேகரிக்கறவங்களே சேந்து கட்டின கேட்டலாக், நாடும் வருஷமும் போட்டா போட்டோவோட எடை, உலோகம் எல்லாம் வரும். ஒங்க தராசு காட்டற எடை அதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. புழங்கித் தேஞ்ச காசு கொஞ்சம் கொறையும், அது சகஜம். கூட இருந்தாலோ ரொம்பக் கொறஞ்சாலோ சந்தேகப்படணும்.

நாலு குவியலா பிரிங்க

ஒண்ணு, உலோகத்துக்காகவே மதிப்புள்ள தங்கம் வெள்ளி. ரெண்டு, சாதாரண புழக்கக் காசு, வெளிநாடு போய்ட்டு வந்தவங்க பாக்கெட்லேர்ந்து கொட்டினது. மூணு, அரசாங்க அக்கசாலையோ தனியார் கம்பெனியோ பெட்டில போட்டு சர்டிபிகேட்டோட வித்த நினைவுக் காசு. நாலு, அரிதா இருக்குமோன்னு தோணறது, அப்புறம் ஒங்களுக்கு என்னன்னே புரியாதது. புரியாதது எல்லாம் நாலாவது குவியல்தான், ரெண்டாவதுல தள்ளிடாதீங்க.

மூணாவது குவியல்ல நிறைய பேருக்கு மனசு ஒடையும். வெல்வெட் பெட்டி, நம்பர் போட்ட சர்டிபிகேட் எல்லாம் இருக்கும், வாங்கினப்போ நல்ல வெலை குடுத்திருப்பாரு, ஆனா வெளியிட்டப்போ இருந்த வெலைக்கும் கம்மியாத்தான் இன்னிக்கு பல செட்டு போகுது. லட்சக்கணக்குல அடிச்சு, வாங்கின எல்லாரும் பத்திரமா வெச்சிருக்கற பொருளுக்கு அருமை எங்கேர்ந்து வரும்? தங்க முலாம், வெள்ளி முலாம்னா உலோக மதிப்பும் கெடையாது. சுத்த வெள்ளின்னா அந்த எடைக்காவது வரும்.

அடி விலை: கண்டிப்பா கணக்கு போடுங்க

தங்கம் வெள்ளிக் காசுக்கு, உருக்கினா என்ன வரும்ன்றதுதான் தரை. அதுக்கு ரொம்பக் கீழ யாராவது கேட்டா எந்திரிச்சு வந்துடலாம். கணக்கு ஈஸி: எடைய சுத்தத்தால, அதாவது அதுல எத்தன சதவீதம் அசல் தங்கமோ வெள்ளியோ அதால, பெருக்குங்க, வர்ற கிராம அன்னிக்கு ஒரு கிராம் சந்தை விலையால பெருக்குங்க. உலக சந்தைல டிராய் அவுன்ஸ்ல சொல்லுவாங்க, ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம்.

பிரிட்டிஷ் சவரன் காசு 7.98 கிராம், 22 கேரட், அதுல சுத்தத் தங்கம் 7.32 கிராம். தென்னாப்பிரிக்கா குரூகெராண்ட் 33.93 கிராம், உள்ள சரியா ஒரு அவுன்ஸ் தங்கம். மார்கன் டாலர் 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. ராஜா தலை போட்ட பழைய பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபா 11.66 கிராம், சுமார் 91.7 சதவீதம், ஆனா 1940லேர்ந்து பாதிக்குப் பாதி ஆக்கிட்டாங்க. பிரிட்டன் காசுலயும் இதே கதை, 1920க்கு முன்னாடி 92.5 சதவீதம், 1920லேர்ந்து 1946 வரைக்கும் 50, 1947லேர்ந்து வெள்ளியே இல்ல. அமெரிக்க டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்)னா 1964 வரைக்கும் 90 சதவீதம். அதனால வருஷத்த பாக்காம "வெள்ளிக் காசு மொத்தம் இவ்ளோ கிலோ"ன்னு ஒரே தட்டுல போட்டா ஒங்களுக்குத்தான் நஷ்டம், பாதி வெள்ளிக்கான ரேட்ல முழு வெள்ளிய தூக்கிக் குடுத்துடுவீங்க.

பழசுன்னா விலை அதிகம் இல்ல

இத புரிஞ்சுக்க எனக்கே நாளாச்சு. ரோமாபுரி கான்ஸ்டன்டைன் காலத்து சின்ன வெண்கலக் காசு, 1,600 வருஷத்துக்கு மேல பழசு, ஆனா அவ்ளோ கெடைக்குது, தேஞ்சதா இருந்தா ரொம்ப மலிவு. மரியா தெரசா தாலர்னு ஒரு வெள்ளிக் காசு இருக்கு, மேல 1780ன்னு போட்டிருக்கும், அந்தம்மா செத்த வருஷம் அது, ஆனா அதே வருஷத்தப் போட்டு அதுக்கப்புறமும் பல தலைமுறையா அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. காசு மேல இருக்கற வருஷம்கூட பொய் சொல்லும்னு அதப் பாத்துதான் கத்துக்கிட்டேன்.

விலைய முடிவு பண்றது மூணு: எத்தன மிச்சம் இருக்கு, எத்தன பேருக்கு வேணும், என்ன நிலைமைல இருக்கு. இதுல ரெண்டாவதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க, ரொம்ப அரிதான காசுதான், ஆனா அத தேடறவன் உலகத்துலயே பத்து பேருன்னா பெரிய விலை வராது.

நிலைமைக்கு ஒரு அளவுகோல் இருக்கு, 1லேர்ந்து 70 வரைக்கும், ஷெல்டன்னு ஒருத்தர் 1949ல அமெரிக்க செம்பு சென்ட்டுக்காக கொண்டு வந்தது, இப்போ எல்லாத்துக்கும் அதத்தான் வெச்சுக்கறாங்க. 60லேர்ந்து மேலன்னா புழக்கத்துக்கே போகாதது. 63க்கும் 65க்கும் வெறும் கண்ணுல வித்தியாசமே தெரியாது, விலை மட்டும் சில காசுக்கு பல மடங்கு தாவும். அத நாம தீர்ப்பு சொல்லக்கூடாது, நம்ம வீட்டுக் காசு நமக்கு எப்பவும் நல்லாத்தான் தெரியும். மேடான இடங்கள பாருங்க, கன்னம், புருவம், முடி, கிரீடம். அங்க மழுங்கியிருந்தா புழங்கின காசு, அத வெச்சு கொஞ்சம் கீழயே மதிப்பு போட்டுக்கங்க.

உண்மையான விலை எங்க இருக்கு

கேக்கற விலைய பாக்காதீங்க, வித்த விலைய பாருங்க. ஈபேல ஒரு காச எவ்ளோ வேணா போட்டு வெக்கலாம், நாலு வருஷமா அங்கயே தொங்கும். அதே ஈபேல வித்து முடிஞ்சத மட்டும் காட்டற ஃபில்டர் இருக்கு, அதப் போடுங்க. ஹெரிடேஜ் மாதிரி பெரிய ஏலக் கம்பெனிங்க பழைய ஏல ரிசல்ட்ட போட்டோவோட வெச்சிருக்காங்க, ஃப்ரீயா கணக்கு தொறந்து பாக்கலாம். ஒரே காசு, ஒரே நிலைமை, சமீபத்துல வித்தது, ஒரு அஞ்சாறு கெடச்சா அதுல ரொம்ப ஒசந்ததையும் ரொம்பத் தாழ்ந்ததையும் விட்டுட்டு நடுவுல பாருங்க. கேட்டலாக் புக்ல போட்டிருக்கற விலை ஒரு சில்லறைக் கடை விலை மாதிரி, அது ஒங்க கைக்கு வராது. "இந்தக் காசு இருந்தா நீங்க கோடீஸ்வரர்"னு சுத்தற வீடியோவ எல்லாம் பாத்து சிரிச்சுட்டு விட்டுடுங்க. அதோட தொடர்ச்சியா எவனாவது போன் பண்ணி "நாங்க வாங்கிக்கறோம், மொதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க"ன்னா அது நூத்துக்கு நூறு திருட்டு, வாங்கறவன் விக்கறவன்கிட்ட பணம் கேக்க மாட்டான்.

போலியா இருந்தா?

பெரியப்பா ஏமாந்திருக்கவே மாட்டாருன்னு நினைக்காதீங்க, எங்க பெரியப்பா ரெண்டு தடவ ஏமாந்திருந்தாரு. காந்தம் வெச்சா தங்கமோ வெள்ளியோ ஒட்டாது, ஒட்டினா போலி, ஆனா ஒட்டலன்றதால அசல்னு ஆகாது. விளிம்ப லென்ஸ்ல பாருங்க, சுத்தி ஒரு கோடு ஓடினா அச்சுல வார்த்ததா இருக்கும். தங்கக் காசுக்கு தண்ணி டெஸ்ட் பண்ணலாம்: காத்துல எடை, அப்புறம் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால மொத எடைய வகுத்தா அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3, சவரன் மாதிரி 22 கேரட்டுக்கு 17.5 பக்கம் வரணும். துடைக்கும்போது ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. செம்புக் காசுக்கு இந்த விளையாட்டு வேணாம். கடைல எக்ஸ்ரே விட்டு உலோகம் என்னன்னு சொல்ற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் வெச்சும் பாப்பாங்க, அது மேல்பரப்ப மட்டும்தான் படிக்கும், தடியா முலாம் பூசியிருந்தா அதுவும் ஏமாறும், அதனால எடையும் அடர்த்தியும் சேந்து சரியா இருக்கணும்.

கிரேடிங் அனுப்பணுமா

பிசிஜிஎஸ் (1986லேர்ந்து இருக்கு), என்ஜிசி (1987), இந்த ரெண்டும்தான் பெரிய கம்பெனிங்க. காச ஆராஞ்சு அசல்னு சொல்லி, நிலைமைக்கு அந்த 70 வரைக்கும் போற அளவுகோல்ல நம்பர் போட்டு, பிளாஸ்டிக் பெட்டில சீல் வெச்சுத் தருவாங்க, அத ஸ்லாப்னு சொல்றது. வாங்கறவன் பயம் இல்லாம வாங்குவான். ஆனா ஒவ்வொரு காசுக்கும் கட்டணம், தபால், இன்சூரன்ஸ், நாளும் ஆகும். எல்லாத்தையும் அனுப்பறது மடத்தனம். என் கணக்கு, கிரேடு ஆனதால கூடற விலை செலவ விட மூணு நாலு மடங்கு இருந்தா மட்டும் அனுப்பறது. கழுவின காசுன்னா நம்பரே வராது, "டீடெய்ல்ஸ்"னு எழுதி அனுப்பிடுவாங்க, என் பேஸ்ட் காசு ஒண்ணு அப்படித்தான் திரும்பி வந்துச்சு, கட்டணமும் போச்சு. ஏற்கனவே ஸ்லாப்ல இருக்கற காசு ஒங்ககிட்ட இருந்தா அது மேல இருக்கற சர்டிபிகேட் நம்பர கம்பெனி சைட்ல போட்டுப் பாருங்க, ஸ்லாப்லயே போலி இருக்கு.

எங்க விக்கறது

டீலர்னா ஒடனே பணம், தலைவலி இல்ல. அவர் கடை நடத்தணும், லாபம் வெச்சுத்தான் வாங்குவாரு, அதுல தப்பே இல்ல. தங்கக் காசுக்கு சந்தை விலை எல்லாருக்கும் தெரியும்றதால வித்தியாசம் கம்மியா இருக்கும், மெதுவா விக்கற சாதாரண காசுக்கு ரொம்பக் கம்மியா கேப்பாரு. குறைஞ்சது மூணு பேர்கிட்ட காட்டுங்க, லிஸ்டோட போங்க. "நீங்க எவ்ளோ எதிர்பாக்கறீங்க"ன்னு மொதல்ல கேப்பாங்க, நம்பர் சொல்லாதீங்க, "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதிக் குடுங்க, வீட்ல காட்டணும்"னு சொல்லுங்க. எழுதித் தர மாட்டேன்றவர், இன்னிக்கு விட்டா இந்த ரேட் இல்லன்றவர், ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு. காச ரசீது இல்லாம "பாத்துட்டு நாளைக்கு தரேன்"னு விட்டுட்டு வராதீங்க, சாயந்திரத்துக்குள்ள வேற காசு மாறியிருந்தாலும் ஒங்களால நிரூபிக்க முடியாது. மதிப்பீடு மட்டும் வேணும்னா அவருக்கு ஃபீஸ் குடுத்து வாங்குங்க, வாங்கப் போறவரே மதிப்பும் சொன்னா எந்தப் பக்கம் சாய்வாருன்னு சொல்லணுமா.

ஏலம் நாலாவது குவியலுக்கு. இங்க கணக்கு கொஞ்சம் குழப்பும். சுத்தியல் 100ல விழுந்துச்சு, அதாவது ஏலம் 100ல முடிஞ்சுச்சுன்னு வைங்க, வாங்கறவன் ஏலக் கம்பெனிக்குன்னு மேல ஒரு 20 சேத்து 120 கட்டுவான், ஒங்ககிட்ட கமிஷன் 10 பிடிச்சா கைக்கு 90 வரும், போட்டோ, இன்சூரன்ஸ்னு தனியா போட்டா அதுவும் கழியும். பணம் வர ஏலம் முடிஞ்சு வாரக்கணக்குல ஆகலாம். அப்போ டீலர் இன்னிக்கே 80 தரேன்னா அது மோசமே இல்ல, 40ன்னா ஏலத்துக்குப் போங்க. கமிஷன் பேசி குறைக்கலாம், நல்ல காசா இருந்தா சில இடத்துல பூஜ்ஜியம்கூட ஆக்குவாங்க. இதுக்குக் கீழ விக்காதேன்னு ரிசர்வ் விலை வெக்கலாம், விக்கலன்னா கட்டணம் உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. எத தனி லாட்டா (ஏலத்துல ஒரே பொருளா விடறது) போடுவாங்க, எத மொத்தமா கட்டுவாங்கன்னும் கேளுங்க, நல்ல காசு ஒண்ணு குப்பை லாட்டுக்குள்ள போய்ட்டா அவ்ளோதான்.

ஆன்லைன்ல நேரா விக்கறது நடுத்தர காசுக்கு சரி. தெளிவான போட்டோ, கீறல் இருந்தா கீறல்னு எழுதுங்க, பார்சல் கட்டறத வீடியோ எடுங்க, டிராக்கிங்கும் இன்சூரன்ஸும் இல்லாம அனுப்பாதீங்க. பணம் வந்துச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட் காட்டினா நம்பாதீங்க, ஒங்க அக்கவுண்ட்ல பாருங்க. எக்ஸ்ட்ரா பணம் அனுப்பிட்டேன் மிச்சத்த திருப்பி அனுப்புன்னா பிளாக் பண்ணிடுங்க. வீட்டுக்கு யாரையும் வரச் சொல்லாதீங்க, வங்கியிலயோ கூட்டம் இருக்கற இடத்துலயோ பாத்துக்கங்க, வீட்ல காசு இருக்குன்னு ஃபேஸ்புக்ல போட்டோ போடவே வேணாம்.

நாணயம் சேக்கறவங்க சங்கம் பக்கத்துல இருந்தா ஒரு கூட்டத்துக்காவது போங்க. விக்கறதுக்கு முன்னாடி சும்மா காட்டி பேசறதுக்கு அதவிட நல்ல இடம் இல்ல. எங்க செம்புக் காச அடையாளம் சொன்னதே அப்படி ஒரு பெரியவர்தான், லென்ஸ கண்ல வெச்சவர் அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல.

மொத்தமா, பிரிச்சா

எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட குடுத்தா நிம்மதி, பிரிச்சு வித்தா காசு. நான் செஞ்சது நடுவுல: தங்கம் வெள்ளிய விலை கேட்டு டீலருக்கு, நாலாவது குவியல ஏலத்துக்கு, ஒரு நாட்டோட வருஷ வரிசை முழுசா இருந்த ரெண்டு ஆல்பத்த ஒடைக்காம சங்கத்துல ஒருத்தருக்கு. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, டீலர் நல்லத மட்டும் பொறுக்கிட்டு மிச்சத்த ஒங்க தலைல கட்டிட்டுப் போக விடாதீங்க, பொறுக்கறதா இருந்தா பொறுக்கின காசுக்கு பொறுக்கின விலை.

எவ்ளோக்கு வித்தீங்க, யாருக்கு, எந்தத் தேதி, கமிஷன் எவ்ளோ, எல்லாம் அந்த எக்செல்லயே எழுதிடுங்க, பங்கு பிரிக்கும்போதும் வரி கட்டும்போதும் ஒரே ஷீட்ல முடிஞ்சிடும்.

கடைசியா டப்பால மிஞ்சற புழக்கக் காசு கிலோ கணக்குலதான் போகும், அதுக்கு மெனக்கெட வேணாம். நாங்க அத வீட்டுப் பசங்களுக்கு குடுத்துட்டோம். பெரியப்பாவோட நோட்ட ஏலத்துல அந்தச் செம்புக் காச எடுத்தவர் கேட்டாரு, சம்பந்தப்பட்ட பக்கத்த மட்டும் நகல் எடுத்து அனுப்பினேன், நோட்டு பெரியம்மாகிட்ட இருக்கு.